மொய் எழுதும் சுட்டிகள்

மக்களே, சின்னதா ஒரு இணையதளம் வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் அடிக்கடி வர்ற மின்னஞ்சல் ஒண்ணு உண்டு. "அன்புடையீர், உங்கள் தளத்தை மிகவும் ரசித்துப் படித்தோம்"னு ஆரம்பிக்கும். எந்தப் பக்கத்தை ரசிச்சாங்கன்னு மட்டும் கடைசி வரைக்கும் இருக்காது. அடுத்த வரியிலேயே மேட்டருக்கு வந்துடுவாங்க. ஐம்பது பேக்லிங்க் இவ்வளவு ரூபாய், நூறு எடுத்தா தள்ளுபடி, ஒரே மாசத்துல கூகுள்ல முதல் பக்கம். காசு கேக்காத ஆளுங்களா இருந்தா, "எங்க தளத்துக்கு நீங்க ஒரு சுட்டி கொடுங்க, உங்க தளத்துக்கு நாங்க ஒண்ணு கொடுக்கறோம்"பாங்க. கல்யாண மண்டப வாசல்ல மேசை போட்டு, நோட்டும் பேனாவுமா உக்காந்திருப்பாங்களே, அதே மொய்க்கணக்கு.

மொய் எழுதறது தப்புன்னு நான் சொல்ல வரல. பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து வெச்சு அந்தப் பணத்துல தொழில் ஆரம்பிச்ச குடும்பங்கள் நிறைய. அங்க நோட்டு எல்லார் கண்ணு முன்னாடியும் இருக்கு. இது திருப்பிச் செய்ய வேண்டிய பணம்னு கொடுக்கறவருக்கும் தெரியும், வாங்கறவருக்கும் தெரியும், வேடிக்கை பாக்கறவருக்கும் தெரியும். சுட்டி மொய்யில அந்த நோட்டை ஒளிச்சு வெச்சிருக்காங்க. படிக்கிறவன் கண்ணுக்கு அது "இந்தப் பக்கம் நல்லா இருக்கு, போய்ப் பாரு"ங்கற சிபாரிசாத்தான் தெரியும்.

இந்தப் பதிவுல என் வாதம் இவ்வளவுதான்: காசுக்கோ கைம்மாறுக்கோ கொடுக்கற சுட்டி பொய்சாட்சி. அந்தப் பொய்சாட்சியால கெட்டது கூகுள் இல்லை. நேர்மையா எழுதி, நேர்மையா அடுத்தவனைக் கைகாட்டின சின்ன ஆளுங்கதான். "எல்லாரும் பண்றாங்க, நாமளும் பண்ணலைன்னா எப்படி"ன்னு நம்ம வகுப்புலயே நாலு பேர் சொல்றதால, கொஞ்சம் நீட்டி முழக்கியே எழுதறேன். பொறுமை இருக்கிறவங்க தொடரவும்.

சுட்டிக்கு மதிப்பு எப்படி வந்துச்சு?

1990-கள்ல தேடுபொறிகள் ஒரு பக்கத்தோட தரத்தைப் பெரும்பாலும் அந்தப் பக்கத்துல இருக்கிற சொற்களை வெச்சுத்தான் கணிச்சுது. 1995-ல வந்த ஆல்டாவிஸ்டா அந்தக் காலத்து ராஜா. அதை ஏமாத்தறது ரொம்ப சுலபம். வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல ஒரே சொல்லை முந்நூறு தடவை எழுதி வெச்சா போதும். படிக்கிறவனுக்குத் தெரியாது, பொறிக்கு மட்டும் தெரியும். தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிற சாட்சிக்கு அவ்வளவுதான் மரியாதை.

இதுக்கு மாற்று நூலக உலகத்துல இருந்து வந்துச்சு. யூஜின் கார்ஃபீல்டுன்னு ஒருத்தர் 1955-ல ஒரு யோசனை சொன்னார். ஒரு ஆய்வுக்கட்டுரையை அதுக்கப்புறம் வந்த எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்குன்னு பட்டியல் போட்டா, துறையில எது முக்கியம்னு தெரிஞ்சுடும்னார். 1964-ல அது அறிவியல் மேற்கோள் அட்டவணையா வெளிவந்துச்சு. 1998-ல ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதே கருத்தை இணையத்துக்குக் கொண்டு வந்தாங்க. அதான் பேஜ்ரேங்க். (பேஜுங்கறது பக்கமா, அவரோட பேரான்னு கேட்டா ரெண்டும்தான்!)

கணக்கு எளிமை. ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டு பக்கத்துக்குப் பக்கம் சுட்டியைச் சொடுக்கிக்கிட்டே போறான்னு வெச்சுக்குங்க. நூறு தடவைக்கு 85 தடவை அந்தப் பக்கத்துல இருக்கிற ஏதோ ஒரு சுட்டியைப் பிடிச்சுப் போறான். மீதி 15 தடவை சலிச்சுப் போய் எங்கேயோ புதுசா ஒரு பக்கத்துக்குத் தாவறான். இப்படியே முடிவில்லாம சுத்தினா, எந்தப் பக்கத்துல அதிக நேரம் நிப்பானோ அதுக்கு அதிக மதிப்பு. இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, எத்தனை சுட்டிங்கறது மட்டுமில்ல, யார் கொடுத்ததுங்கறதும் கணக்கு; மதிப்புள்ள பக்கம் கொடுத்தா எடை அதிகம். ரெண்டு, ஒரு பக்கம் தன்கிட்ட இருக்கிற மதிப்பைத் தான் கொடுக்கற சுட்டிகளுக்குப் பிரிச்சுத்தான் கொடுக்குது. பத்துப் பேரைக் கைகாட்டினா ஆளுக்குப் பத்துல ஒரு பங்கு.

அதாவது, தேடுபொறி புதுசா எந்த அறிவையும் கண்டுபிடிக்கல. கோடிக்கணக்கான பேர் "இதைப் படி"ன்னு சும்மா கைகாட்டி விட்டிருந்தாங்க. அந்தக் கைகளை எண்ணிச்சு, அவ்வளவுதான். காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பெயர்ல இருந்துச்சு. அதுக்குப் பதிலா பல்கலைக்கழகத்துக்குக் கிடைச்ச பங்குகளை 2005-ல சுமார் 33.6 கோடி டாலருக்கு வித்தாங்க. கைகாட்டினவனுக்கு ஒண்ணும் கிடைக்கல. அவன் கேக்கவும் இல்லை. கேக்காம கொடுத்ததாலதான் அந்தச் சாட்சிக்கு மதிப்பே.

சந்தை எப்படி உருவாச்சு?

2000 டிசம்பர்ல கூகுள் தன்னோட டூல்பாரை வெளியிட்டுச்சு. அதுல ஒரு பச்சைப் பட்டை இருக்கும். நீங்க பாக்கற பக்கத்தோட பேஜ்ரேங்க் பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள எவ்வளவுன்னு காட்டும். என்னைக் கேட்டா, சந்தைக்குப் பிள்ளையார் சுழி அங்கதான். அதுவரைக்கும் உள்ளே ஓடிக்கிட்டிருந்த ஒரு கணக்கு, அன்னைக்கு விலைப்பட்டியல் ஆச்சு. "ஆறு மதிப்புள்ள பக்கத்துல ஒரு சுட்டி என்ன விலை, ஏழுன்னா என்ன விலை"ன்னு பேரம் ஆரம்பிச்சுது. 2016-ல அந்தப் பட்டையைப் பொதுமக்கள் பார்வையில இருந்து எடுத்துட்டாங்க. சந்தை போகல. பிற நிறுவனங்கள் தாங்களே மதிப்பெண் கண்டுபிடிச்சு அதை வெச்சு ஏலம் விடறாங்க.

பொருளாதாரம் படிக்கிற நண்பர்களுக்கு சார்லஸ் குட்ஹார்ட்டைத் தெரிஞ்சிருக்கும். 1975-ல பணக்கொள்கை பத்தி அவர் சொன்னதோட சாரம்: ஒரு அளவுகோலைப் பிடிச்சு இழுத்துக் கட்டுப்படுத்த ஆரம்பிச்சா, அது அளவுகோலா இருக்கறதை நிறுத்திடும். பரீட்சைக்கு முக்கிய வினாக்கள் மட்டும் படிச்சு நூத்துக்கு நூறு வாங்கற நமக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்லை. :-)

சந்தையில என்னென்ன சரக்கு? நேரடிப் பரிமாற்றம் ஒண்ணு. அதைப் பொறி சுலபமா கண்டுபிடிச்சுடும்ங்கறதால முக்கோணப் பரிமாற்றம்: நான் உனக்கு, நீ அவனுக்கு, அவன் எனக்கு. சுட்டிப் பண்ணைகள், அதாவது ஒண்ணையொண்ணு கைகாட்டறதுக்குன்னே உருவாக்கின நூத்துக்கணக்கான வெத்துத் தளங்கள். ஆள் செத்தும் பேர் சாகாத கதையா, உரிமம் முடிஞ்ச பழைய டொமைன் பெயரை வாங்கி, அது சம்பாதிச்சு வெச்ச நல்ல பேர்ல புது வியாபாரம். விருந்தினர் கட்டுரைங்கற பேர்ல உப்புச்சப்பில்லாத ஐந்நூறு சொல், நடுவுல ஒரு சுட்டி. இலவசமா ஒரு கவுன்ட்டரோ தட்பவெப்பப் பெட்டியோ கொடுத்து, அதுக்கடியில ஒளிச்சு வெச்ச சுட்டி. கடைசியா, எல்லாத்துலயும் கேவலமானது, யாரோ உருகி உருகி எழுதின பதிவுக்குக் கீழ "அருமையான தகவல், நன்றி"ன்னு ஒரு பின்னூட்டம், பேரைச் சொடுக்கினா மலிவு விலை மாத்திரைக்கடை.

இந்தக் கடைசி வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. பயிற்சிப் பணின்னு பேர். நம்ம செட்டுல சிலர் போயிட்டு வந்திருக்காங்க, கம்பெனி பேர் வேண்டாம். ஒரு விரிதாள் கொடுப்பாங்க. அதுல வரிசையா தள முகவரிகள். ஒவ்வொண்ணுலயும் கணக்குத் திறந்து, சுயவிவரத்துல சுட்டி போட்டு, விரிதாள்ல பச்சை அடிக்கணும். சாயங்காலம் எண்ணிக்கை குறைஞ்சா திட்டு. நாலு வருஷம் கணினி படிச்ச பிள்ளைக்கு முதல் வேலை, முன்னப்பின்ன தெரியாத நூறு பேர் வீட்டுச் சுவத்துல சுவரொட்டி ஒட்டறது! போஸ்டர் ஒட்டற அண்ணனாவது ராத்திரி தூக்கம் முழிச்சு ஒட்டறார், கூலி வாங்கறார். இங்க பாதிப் பேருக்குச் சான்றிதழ்தான் கூலி.

பெரிய ஆளுங்க பண்ணின கூத்து

இது ஏதோ சில்லறைக் கடைக்காரன் பண்ற வேலைன்னு நினைக்காதீங்க. ஜே.சி. பென்னின்னு அமெரிக்காவுல ஒரு பெரிய பல்பொருள் அங்காடி. 2010 கடைசியில, பண்டிகை வியாபாரம் சூடா நடக்கற மாசங்கள்ல, கூகுள்ல உடைகள்னு தேடினாலும் படுக்கை விரிப்புன்னு தேடினாலும் தரைவிரிப்புன்னு தேடினாலும் அவங்கதான் முதல். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு நிபுணரை வெச்சு ஆராய்ஞ்சு, 2011 பிப்ரவரியில கட்டுரை போட்டுச்சு. உடை சம்பந்தமான சொற்களோட அந்தக் கடைக்குச் சுட்டி கொடுத்த 2,015 பக்கங்களைக் கண்டுபிடிச்சாங்க. அதுல துணிக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத தளங்கள் ஏராளம். சூதாட்டம், அணுசக்திப் பொறியியல்னு எங்கெங்கேயோ இருந்து கவுனுக்குச் சிபாரிசு! கூகுள் கையில எடுத்ததும் ஒரு பயணப்பெட்டித் தேடல்ல முதலிடத்துல இருந்த கடை ரெண்டே மணி நேரத்துல 71-ஆவது இடத்துக்குப் போச்சு. எங்களுக்குத் தெரியாம நடந்துச்சுன்னு கடை சொல்லி, தேடல் ஆலோசனை நிறுவனத்தைக் கழட்டி விட்டுச்சு.

அடுத்தது ராப் ஜீனியஸ். பாடல் வரிகளுக்கு விளக்கம் எழுதற தளம். 2013 டிசம்பர்ல, ஜஸ்டின் பீபர் பாட்டுகளுக்கான சுட்டிப் பட்டியலை உங்க பதிவுக்கு அடியில ஒட்டுங்க, உங்க பதிவை நாங்க ட்விட்டர்ல விளம்பரம் பண்றோம்னு பேரம் பேசினாங்க. பச்சை மொய். விஷயம் வெளிய வந்துச்சு. கிறிஸ்துமஸ் அன்னைக்கு கூகுள் தண்டிச்சுது. தளத்தோட பேரையே போட்டுத் தேடினாலும் தளம் மேல வராத நிலைமை. ஆனா 2014 ஜனவரி 4-ஆம் தேதி திரும்பி வந்துட்டாங்க. சுமார் பத்தே நாள்.

உச்சக்கட்டம் இதுதான்: கூகுளே மாட்டின கதை. 2009-ல கூகுளோட ஜப்பான் கிளை, தங்களோட புது வசதியைப் பத்தி எழுதப் பதிவர்களுக்குக் காசு கொடுத்து மாட்டிச்சு. தன் கிளையோட பேஜ்ரேங்கைத் தானே ஒன்பதுல இருந்து ஐந்தாக் குறைச்சுது தலைமை. 2012 ஜனவரியில குரோம் உலாவிக்கு நடந்த விளம்பரத்துல காசு வாங்கின பதிவுகள் வந்து, குரோம் பக்கத்தையே 60 நாளைக்குக் கீழ இறக்கினாங்க. சட்டம் போட்டவன் வீட்டுலயே மொய் நோட்டு இருந்திருக்கு!

அடி வாங்கினது யார்?

இப்பத்தான் என் கோபத்துக்கு வர்றேன்.

பின்னூட்டக் குப்பை தாங்க முடியாம 2005 ஜனவரியில கூகுள், யாகூ, எம்.எஸ்.என். மூணும் சேர்ந்து நோஃபாலோங்கற குறியை அறிமுகப்படுத்தினாங்க. சுட்டியில அந்தக் குறி இருந்தா, "இதை நான் சாட்சியா சொல்லல, கணக்குல எடுத்துக்காதே"ன்னு அர்த்தம். 2007 ஜனவரியில ஆங்கில விக்கிபீடியா தன்னோட வெளிச்சுட்டிகள் எல்லாத்துலயும் அதைப் போட்டுச்சு. அவங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனா என்ன நடந்துச்சுன்னு பாருங்க. உலகத்துல அதிகமான பேர் பொறுப்போட சரிபார்த்துக் கொடுக்கற மேற்கோள் சுட்டிகளும், மாத்திரைக் கடைக்காரன் போட்ட சுட்டியும் ஒரே தட்டுல வந்துடுச்சு. பொய்சாட்சி சொன்னவனால நிஜச்சாட்சிக்கும் கூண்டுல இடமில்லாம போச்சு.

அப்புறம் 2012 ஏப்ரல் 24-ல பெங்குவின். தப்பான சுட்டிகள் வாங்கின தளங்களைத் தானாகவே கண்டுபிடிச்சுக் கீழ தள்ற கணக்கு. நல்லதுதானேன்னு தோணும். தள்ளப்பட்டவன் தன் பக்கத்தைச் சுத்தம் பண்ணினாலும், கூகுள் அந்தக் கணக்கை அடுத்த தடவை ஓட்டற வரைக்கும் காத்திருக்கணும். 2014 அக்டோபருக்கு அப்புறம் அடுத்த பெரிய மாற்றம் 2016 செப்டம்பர்லதான் வந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். யாரோ ஒரு ஏஜென்டு பேச்சைக் கேட்டு மாட்டின ஒரு சின்ன பூக்கடையோ பழுதுபார்க்கற கடையோ ரெண்டு வருஷம் ஆளே வராம தாங்குமா? ராப் ஜீனியஸ் மாட்டினது வேற வழி, அது மனுஷங்க நேரடியா கொடுத்த தண்டனை. ஆனா வித்தியாசத்தைக் கவனிங்க. பேர் தெரிஞ்ச ஆளுக்குப் பத்து நாள். பேர் தெரியாத ஆளுக்கு எப்பன்னே தெரியாத நாள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. சுட்டி கொடுக்கறதுக்கே ஜனங்க பயந்துட்டாங்க. வெளிய சுட்டி கொடுத்தா நம்ம மதிப்பு ஒழுகிடும், யாருக்குக் கொடுத்தா என்ன வில்லங்கம் வருமோன்னு, தளங்கள் தங்களுக்குள்ளேயே சுத்திச் சுத்திச் சுட்டி கொடுத்துக்குது. ஒரு ஆராய்ச்சியைப் பத்திச் செய்தி போடுவாங்க. அந்தக் கட்டுரைக்குச் சுட்டி இருக்காது. நீதிமன்றத் தீர்ப்பைப் பத்தி எழுதுவாங்க. தீர்ப்புக்குச் சுட்டி இருக்காது. நீல எழுத்தைச் சொடுக்கினா அவங்களோட பழைய செய்திக்கே கூட்டிட்டுப் போகும். செக்குமாடு சுத்தற மாதிரி.

"ஆனா பாஸ்..."

எதிர்த்தரப்புக்கு மூணு வாதம் இருக்கு. மூணையும் மதிச்சே பதில் சொல்றேன்.

ஒண்ணு: "நல்லா எழுதினா தானா கூட்டம் வரும்ங்கறதெல்லாம் கதை. யாருமே பாக்கலைன்னா யார் சுட்டி கொடுப்பா?" இது பாதி உண்மை. ஏற்கெனவே தெரிஞ்சவனுக்கே மேலும் சுட்டி சேரும், பணம் பணத்தோட சேர்ற மாதிரி. ஆனா இதுக்கு மருந்து, உங்க பக்கத்தை அதுல அக்கறை இருக்கிற நாலு பேர்கிட்ட நேரா கொண்டு போறது. "நீங்க இதைப் பத்தி எழுதியிருந்தீங்க, நானும் எழுதியிருக்கேன், பாருங்க"ன்னு ஒரு மடல் போடறதுல ஒரு தப்பும் இல்லை. படிச்சுட்டுப் பிடிச்சா கொடுக்கட்டும், இல்லைன்னா விடட்டும். கேக்கறது தப்பில்லை, விலை பேசறதுதான் தப்பு. வாங்கின சுட்டியால வர்ற கூட்டம் வந்த வேகத்துல போயிடும்ங்கறது வேற விஷயம். அணுசக்தித் தளத்துல இருந்து கவுன் வாங்க எவன் வரப்போறான்? அந்தச் சுட்டி மனுஷனுக்காகப் போட்டதே இல்லையே.

ரெண்டு: "எல்லாரும் பண்றாங்க." ஆய்வு உலகத்துலயும் இதே வாதம் உண்டு. இதழ்கள் கூட்டு சேர்ந்து ஒண்ணையொண்ணு மேற்கோள் காட்டி மதிப்பெண்ணை ஏத்திக்கும். 2013-ல நாலு பிரேசில் இதழ்களை இதுக்காகவே மதிப்பெண் பட்டியல்ல இருந்து நிறுத்தி வெச்சாங்க. எல்லாரும் பண்ணினா அது சரியாகிடாது. எல்லாரோட சாட்சியும் செல்லாக்காசாகும். அப்ப நீங்க காசு கொடுத்து வாங்கினதும் அதே செல்லாக்காசுதானே? 2022 டிசம்பர்ல இருந்து வாங்கின சுட்டியைக் கண்டுபிடிச்சுச் சத்தமில்லாம பூஜ்யமாக்கற முறையை கூகுள் இன்னும் விரிவாக்கியிருக்கு. 2024 மார்ச்ல பழைய டொமைனை வாங்கி ஏமாத்தறதுக்கும் தனி விதி வந்தாச்சு. காசு கரைஞ்சதுதான் மிச்சம்.

மூணு: "கூகுள் யாரு எங்களுக்குச் சட்டம் போட?" இந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருக்கு. 2024 ஆகஸ்ட்ல அமெரிக்க நீதிமன்றமே கூகுள் தேடல்ல சட்டவிரோதமா ஏகபோகத்தைக் காப்பாத்திக்கிட்டு வருதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. தான் விளம்பரம் வித்தா வியாபாரம், நீ சுட்டி வித்தா குற்றம்னு ஒரு ஏகபோகம் சொல்றது எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா என் வாதத்துக்கு கூகுள் தேவையே இல்லை. நாளைக்கே கூகுள் இழுத்து மூடிட்டாலும், படிக்கிறவன்கிட்ட "இது நல்லா இருக்கு"ன்னு காசு வாங்கிட்டுச் சொல்றது பொய்தான். விளம்பரம்னு எழுதிட்டு வித்துக்கோ, யார் கேட்டா? 2019-ல அதுக்குன்னே ஸ்பான்சர்டுன்னு ஒரு குறியும் கொடுத்தாச்சு. அதைப் போட்டா விலை போகாதுங்கறீங்களா? அப்ப நீங்க விக்கறது சுட்டி இல்லை, பொய். அதுக்குத்தான் விலை.

நம்ம பங்குக்கு நாம பண்றது

காசு கொடுத்து வாங்கறவனைத் திட்டறது சுலபம். தமிழ்ல நமக்கு வேற ஒரு நோய் இருக்கு: சுட்டியே கொடுக்காதது. படத்துக்குக் கீழ "நன்றி: கூகுள்". கட்டுரைக்குக் கீழ "நன்றி: இணையம்". யாருய்யா அந்த இணையம், அவர் வீடு எந்தத் தெரு? "படித்ததில் பிடித்தது"ன்னு முழுக்கட்டுரையையும் ஒட்டுவாங்க. எழுதினவன் பேரை மட்டும் கத்திரிச்சு எடுத்துட்டு. ஒரு ஆள் லீவு போட்டு ஊர் ஊரா போய்க் கல்வெட்டுப் படிச்சு எழுதியிருப்பான். அது ஆயிரம் வாட்ஸ்அப் குழுவுல சுத்தும். அவன் தளத்துக்கு ஒரு ஆள் வந்திருக்க மாட்டான். அப்புறம் அவன் எழுதறதை நிறுத்திடுவான், தள வாடகை கட்ட மாட்டான், பக்கம் போயிடும்.

போயிடும்ங்கறது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2013-ல இருந்த வலைப்பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷம் கழிச்சுத் திறக்கலைன்னு 2024-ல பியூ ஆய்வு மையம் கண்டுபிடிச்சுது. 2000-கள்ல தமிழ்மணத்துல வரிசையா வந்துக்கிட்டிருந்த பதிவுகள்ல உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு பேர் முகவரியை இன்னைக்கு அடிச்சுப் பாருங்க, புரியும். அந்தக் காலத்துல ஓரத்துல "நான் படிப்பவை"ன்னு ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் பிடிச்சு ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர்னு ராத்திரி முழுக்கப் போகலாம். அதுலயும் மொய் இருந்துச்சு, "நீ எனக்குப் பின்னூட்டம் போட்டா நான் உனக்கு"ன்னு கும்மி அடிச்சாங்க, இல்லைங்கல. ஆனா பட்டியல்ல இருந்த பாதிப் பேர் நிஜமாவே பிடிச்சுப் போய்ச் சேர்த்தவங்க.

இப்ப இன்னொரு மாற்றம் வேற. 2024 மே மாசம் அமெரிக்காவுல ஆரம்பிச்சு, தேடினா மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதின சுருக்கம் வர ஆரம்பிச்சுடுச்சு. சுருக்கம் வந்த தேடல்கள்ல 8 சதவீதத்துலதான் கீழ இருக்கிற சுட்டியை யாராவது சொடுக்கறாங்க, வராத தேடல்கள்ல அது 15 சதவீதம்னு அதே பியூ மையம் 2025-ல சொல்லுச்சு. ஆக, முதல் பக்கத்துக்கு வர்றதுக்காகக் கொட்டின காசுக்குக் கிடைக்கற கூட்டமே பாதியாகுது. பொறி கூட்டிட்டு வர்ற கூட்டம் குறையக் குறைய, மனுஷன் மனுஷனைக் கைகாட்டறதுதான் மிஞ்சப் போகுது. அதையும் மொய்க்கணக்காக்கிட்டா நாம எதைப் பிடிச்சு எங்க போறது?

அதனால நண்பர்களே, நான் கேக்கறது நாலே விஷயம்.

1. எதை வெச்சு எழுதினீங்களோ அதுக்குச் சுட்டி கொடுங்க. பத்துப் பேருக்குக் கொடுத்தா பங்கு குறையுமேன்னு கணக்குப் போடாதீங்க. பேஜ்ரேங்க் வந்த அதே 1998-ல ஜான் க்ளைன்பெர்க்னு ஒருத்தர் வேற ஒரு கணக்கு வெச்சிருந்தார். அதுல நல்ல பக்கத்துக்கு மட்டுமில்ல, நல்ல பக்கங்களைக் கைகாட்டற பக்கத்துக்கும் தனி மதிப்பெண் உண்டு. வழி சொல்றவனும் ஊருக்கு முக்கியம்.

2. வேற எங்கேயும் கிடைக்காத ஒண்ணைப் போடுங்க. உங்க ஊர் ஏரியோட கதை, உங்க தாத்தா தொழிலோட சொல்லகராதி, நீங்களே எடுத்த ஆய்வகக் குறிப்புகள். இன்னொருத்தன் எழுதும்போது அதைக் காட்டாம தாண்ட முடியாத மாதிரி ஒரு பக்கம் இருந்தா, சுட்டிக்குக் கை நீட்ட வேண்டியதில்லை.

3. செத்த சுட்டியைப் பார்த்தா அந்தத் தளத்துக்காரருக்கு ஒரு வரி எழுதிச் சொல்லுங்க. உங்க பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்துல சேமிச்சு வைங்க.

4. அந்த விரிதாள் வேலையைக் கொடுத்தா, முடியாதுன்னு சொல்லுங்க. சொல்ல முடியாத நிலைமையில இருந்தா, குறைந்தபட்சம் அதை மார்க்கெட்டிங்னு தற்குறிப்புல எழுதாதீங்க.

நாலுல எதுவும் ஒரே மாசத்துல உங்களை முதல் பக்கத்துக்குக் கொண்டு வராது. கொண்டு வர்றேன்னு சொல்றவன் உங்ககிட்ட எதையோ விக்கறான்.

டிஸ்கி: இந்தப் பதிவுக்கு யாராவது சுட்டி கொடுத்தா சந்தோஷம். பதிலுக்கு நான் கொடுக்க மாட்டேன். உங்க பக்கம் நல்லா இருந்தா, நீங்க கொடுக்காட்டியும் கொடுப்பேன். "அருமையான தகவல், நன்றி"ன்னு மட்டும் பின்னூட்டம் வந்தா வெளியிடப்படாது, திட்டி வந்தா கண்டிப்பா வெளியிடப்படும். :-)